சாம் குக்: குரலும் உரிமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம் குக் யார்?

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு முறையைக் காதல் பாட்டுக்கும் ஆடல் பாட்டுக்கும் கொண்டுவந்து, இன்று சோல் என்று அறியப்படும் இசைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் சாம் குக். 1931 ஜனவரி 22 அன்று பிறந்த அவர் 1964 டிசம்பர் 11 அன்று, தமது 33ஆவது வயதில், சுட்டுக் கொல்லப்பட்டார். வெகுஜன இசையில் அவர் இயங்கியது ஏழே ஆண்டுகள். அதற்குள் ஏறத்தாழ 30 பாடல்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வந்தன. அவற்றில் பலவற்றை அவரே எழுதியிருந்தார்.

தேனான குரல் என்ற ஒரே புகழ்மொழியோடு அவரைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தாம் எழுதிய பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை 26 வயதிலிருந்து இறக்கும்வரை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வாழ்க்கை விளங்கும் என்பது என் கருத்து. கீழே உள்ள விடைகள் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

அவர் எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார்?

மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் ஊரில், சார்லஸ் குக் என்ற போதகருக்கும் ஆனி மே என்ற தாய்க்கும் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். 1933இல், தென் மாநிலங்களின் கொடுமைகளிலிருந்தும் வறுமையிலிருந்தும் விடுபட்டு லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே சென்ற பெரும் புலப்பெயர்வின்போது, அவர்கள் குடும்பமும் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தது. தந்தை தம் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு அமைத்து, தாம் பிரசங்கம் செய்யும் இடங்களுக்கு அழைத்துச் செல்வார்.

சிறுவயதில் ஐஸ் குச்சிகளை வரிசையாக நட்டுவைத்து, அவைதான் தம் ரசிகர்கள் என்று சொல்லி அவற்றின் முன் சாம் பாடிப் பழகுவார் என்று தம்பி எல். சி. பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெண்டல் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் காலத்தில் 'ஹைவே கியூசீஸ்' என்ற இளைஞர் குழுவில் பாடினார். பாடகர் நாட் கிங் கோல் சில ஆண்டுகளுக்கு முன் பயின்ற பள்ளியும் அதுவே. குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்து ஒன்றை அவர் சேர்த்துக்கொண்டது 1957இல், வெகுஜன மேடைக்கு வந்தபோதுதான்.

'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவில் அவர் என்ன கற்றார்?

ஏறத்தாழ எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார் என்று சொல்லலாம். டெக்சாஸில் தோன்றிய சோல் ஸ்டிரர்ஸ், அக்காலத்தின் மிகப் பெரிய கோஸ்பல் (கறுப்பினத் தேவாலயப் பாட்டு) குழுக்களில் ஒன்று. அதன் முதன்மைப் பாடகர் ஆர். எச். ஹாரிஸ், கோஸ்பல் பாடும் முறையையே மாற்றியமைத்தவர். பல குரல்கள் ஒரே சீராக இணைந்து பாடுவது என்ற பழைய வழக்கத்தை உடைத்து, இரண்டு முதன்மைப் பாடகர்கள் மாறி மாறி முன்னேறி வந்து பாட, மற்றவர்கள் பின்னால் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தாங்கி நிற்கும் முறையை அவரது காலத்தில்தான் அந்தக் குழு வளர்த்தெடுத்தது. ஹாரிஸ் 1950இல் விலகியபோது, அந்த இடத்துக்கு இன்னும் 20 வயது நிரம்பாத சாமை அழைத்தார்கள்.

ஹாரிஸின் சுருதிக்கும் உச்ச நிலைக்கும் சாமின் குரல் முதலில் எட்டவில்லை. அவரோடு பாடிய பால் ஃபாஸ்டர் முரட்டுக் குரலில் கூட்டத்தை எழுப்பிவிடக் கூடியவர். அவருக்கு ஈடாகக் கத்திப் பார்த்த சாமுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிறகு தமக்கென்று ஒரு வழியைக் கண்டுகொண்டார். எட்டாத ஸ்வரத்தை நோக்கிக் குரலை உந்தாமல், அதற்குக் கீழே மெல்ல மிதந்து, ஓர் உயிரெழுத்தை நீட்டி, இரண்டு மூன்று வளைவுகள் வளைத்து இறங்கிவிடுவார். குழுவின் தலைவர் ராய் கிரெய்ன் பிற்காலத்தில் சொன்ன விளக்கமும் இதுதான். குறையை மறைக்கப் பிறந்த அந்த வளைவே பின்னாளில் அவரது அடையாளமாக மாறியது.

பாட்டு எழுதவும் அங்கேதான் பழகினார். 1956இல் பதிவான 'டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்' என்ற பாடல், பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள (உதிரப்போக்குள்ள) ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஒலிப்பதிவுக்குப் புதுப் பாட்டு தேவைப்பட்டபோது, வேதாகமத்தை விரித்து அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டே அதை அமைத்தார் என்பது உடன் இருந்தவர்கள் சொன்ன செய்தி. கதையை நேராகத் தொடங்குவது, எளிய சொற்களில் சொல்வது, ஒரு பாத்திரத்தைக் கண்முன் நிறுத்துவது ஆகிய மூன்றையும் அவர் பின்னர் எழுதிய காதல் பாடல்களிலும் அப்படியே காணலாம்.

அவருடைய குரலின் தனித்தன்மை என்ன?

நம் இசையில் பிருகா என்றும் கமகம் என்றும் சொல்வதற்கு நெருக்கமான ஒன்று கறுப்பினத் தேவாலயப் பாட்டில் உண்டு: ஒரே அசையைப் பல ஸ்வரங்களில் உருட்டிச் செல்வது. பல கோஸ்பல் பாடகர்கள் அதை உணர்ச்சியின் உச்சத்தில், முழு வலிமையோடு பயன்படுத்தினார்கள். சாம் குக் அதைச் சிரமமே தெரியாமல், பேச்சின் நடுவே வரும் பெருமூச்சைப் போல வைத்தார். சொற்களின் உச்சரிப்பு எப்போதும் தெளிவாக இருக்கும். மெல்லிய கரகரப்பு ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தேவைப்படும் ஓரிடத்தில் மட்டும் அது மேலே வரும்.

இந்த அடக்கத்தைச் சிலர் வெள்ளையின ரசிகர்களுக்காகச் செய்த சமரசம் என்று கருதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1951 மார்ச்சில் சோல் ஸ்டிரர்ஸோடு அவர் முதன்முறை ஒலிப்பதிவு செய்த 'ஜீசஸ் கேவ் மீ வாட்டர்' பாடலைக் கேட்டால், கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண்ணின் கதையை முழுக்கக் கறுப்பின விசுவாசிகளுக்காக மட்டும் பாடிய அந்த 20 வயது இளைஞரிடமே அதே தெளிவும் அதே நிதானமும் இருப்பது தெரியும்.

கோஸ்பலை விட்டு அவர் வெளியேறியது ஏன் பெரிய சர்ச்சையாயிற்று?

கடவுளுக்குக் கொடுத்த குரலை உலகத்துக்கு விற்பது துரோகம் என்று அன்றைய கோஸ்பல் ரசிகர்கள் உறுதியாக நம்பினார்கள். வெளியே போனவர் திரும்பி வந்தால் மேடையில் ஏற்கமாட்டார்கள். பதிவு நிறுவனத்துக்கும் இரு பக்கத்து விற்பனையும் கெட்டுவிடும் என்ற பயம் இருந்தது. ஆகவே சாம் குக்கின் முதல் காதல் பாட்டு 'லவபிள்', 'டேல் குக்' என்ற புனைபெயரில் வெளியானது. தேவனைப் புகழும் ஒரு கோஸ்பல் பாட்டில் சொற்களை மட்டும் மாற்றி அமைத்தது அது. பெயரை மறைத்தாலும் குரலை மறைக்க முடியவில்லை. கேட்டவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

போதகரான அவருடைய தந்தை இதை எதிர்க்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உழைத்துப் பிழைப்பதற்காகக் கடவுள் கொடுத்த குரல் அது என்று அவர் மகனுக்குத் துணை நின்றார்.

'யூ செண்ட் மீ' எப்படி வெளியானது?

1957இல் லாஸ் ஏஞ்சலிஸில், பம்ப்ஸ் பிளாக்வெல் தயாரிப்பில், வெள்ளையினப் பின்னணிப் பாடகர்களை வைத்து அந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, சாமை ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஸ்பெஷால்டி நிறுவனத்தின் உரிமையாளர் ஆர்ட் ரூப் உள்ளே வந்தார். தம் நிறுவனத்தின் முரட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைக்கு முற்றிலும் அந்நியமான அந்த மென்மை அவருக்குப் பிடிக்கவில்லை. வாக்குவாதத்தின் முடிவில், பிளாக்வெல் தமக்கு வரவேண்டிய பணத்துக்கு ஈடாக அந்த ஒலிப்பதிவையும் சாமையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். கீன் என்ற புதிய சிறு நிறுவனம் அதை செப்டம்பரில் வெளியிட்டது. இசைத்தட்டின் முதல் பக்கமாக முன்வைக்கப்பட்டது 'சம்மர்டைம்'. வானொலிக்காரர்கள் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் 'யூ செண்ட் மீ' பாப் பட்டியலிலும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம் பெற்று, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதே ஆண்டு நவம்பரில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பாடத் தொடங்கியதும் நேரம் முடிந்து ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. கண்டனக் கடிதங்கள் குவிந்ததால் டிசம்பர் 1 அன்று அவரை மீண்டும் அழைத்து முழுமையாகப் பாடவைத்தார்கள்.

இசைத்தட்டில் பாட்டை எழுதியவராக அச்சிடப்பட்டிருந்த பெயர் தம்பி எல். சி.யுடையது. சாம் எழுதியதாகக் காட்டினால் அதன் பதிப்புரிமையை ஸ்பெஷால்டி நிறுவனம் பழைய ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கக்கூடும் என்பதால் செய்த ஏற்பாடு அது. முதல் வெற்றியிலேயே அவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாடகர் ஒருவர் ஏன் சொந்தமாகப் பதிவு நிறுவனம் தொடங்கினார்?

1950களில் கறுப்பினப் பாடகர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கொஞ்சம் முன்பணமும் ஒரு புதுக் காரும்தான். பாட்டின் பதிப்புரிமை, அதாவது வானொலியில் ஒலிக்கும்போதும் பிறர் பாடும்போதும் வரும் வருமானம், நிறுவனத்துக்கே போய்விடும். மூல ஒலிப்பதிவும் நிறுவனத்தின் சொத்து. பாடியவர் தமக்குச் சேரவேண்டிய ராயல்டியைக் கேட்டால், செலவுகளைக் கழித்தபின் மிச்சம் இல்லை என்ற பதில் வரும். கீன் நிறுவனத்தோடு சாம் குக்குக்கும் இதே தகராறு ஏற்பட்டு வழக்கு வரை போனது.

'பில்கிரிம் டிராவலர்ஸ்' என்ற கோஸ்பல் குழுவின் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டர் இந்த விவகாரங்களை நன்கு அறிந்தவர். அவர் தொடங்கிய காக்ஸ் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்தில் சாம் பங்காளியானார். அதன்பின் இருவரும் ராய் கிரெய்னைச் சேர்த்துக்கொண்டு, 1950களின் இறுதியில் எஸ்.ஏ.ஆர். ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சாம், அலெக்ஸ், ராய் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். அதன் முதல் இசைத்தட்டு, சாம் விட்டு வந்த சோல் ஸ்டிரர்ஸ் குழுவுடையது. முதன்மைக் குரல், அங்கே அவருக்குப் பதிலாக வந்த ஜானி டெய்லருடையது. விட்டு வந்த வீட்டுக்கே முதல் வாய்ப்பைக் கொடுத்ததில் அவருடைய இயல்பு தெரிகிறது.

1960இல் ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெருநிறுவனத்தில் சேர்ந்த பிறகும் அவர் இதை விடவில்லை. பகலில் ஆர்.சி.ஏ.வுக்காக 'செயின் கேங்', 'கியூபிட்' போன்றவற்றைப் பாடியவர், மற்ற நேரத்தில் இளம் பாடகர்களுக்குப் பாட்டு எழுதி, பயிற்சி கொடுத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடவே நின்று வேலை வாங்கினார். கிளீவ்லாந்தைச் சேர்ந்த வாமாக் சகோதரர்கள் ஐவரும் அப்படி வந்தவர்கள். அவர்கள் கோஸ்பலை விட்டதும் தந்தை வீட்டைவிட்டு வெளியேற்ற, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வரப் பணம் அனுப்பியவர் சாம் குக். 'வேலன்டினோஸ்' என்ற புதுப் பெயரில் அவர்கள் பாடிய 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பாட்டை 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாட, அது அந்த ஆங்கிலேயக் குழுவின் முதல் பிரிட்டிஷ் முதலிடப் பாடலாயிற்று. தம் பாட்டை வெள்ளையினப் பையன்கள் எடுத்துக்கொண்டார்களே என்று பாபி வாமாக் முதலில் ஆத்திரப்பட்டார். ராயல்டி காசோலை வந்தபோது சமாதானமானார். பதிப்புரிமை என்பது என்ன என்று அந்த இளைஞருக்கு அதைவிட நன்றாக யாரும் கற்பித்திருக்க முடியாது.

இனப் பாகுபாட்டுக்கு எதிராக அவர் ஏதாவது செய்தாரா?

ஊர்வலங்களில் முன்னணியில் நின்ற தலைவர்களின் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது. தம் கைக்கு எட்டிய இடத்தில், அதாவது மேடையில், எதிர்த்தார். 1961இல் மெம்ஃபிஸ் நகர அரங்கில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கைகளின் நிலையை அறிந்ததும் அவரும் சகபாடகர் கிளைட் மெக்ஃபேட்டரும் பாட மறுத்துவிட்டனர். தென் மாநிலங்களில் வருமானத்துக்காகச் சுற்றும் ஒரு பாடகர் அப்படி மறுப்பது, பணத்தை மட்டுமன்றி உயிரையும் பணயம் வைக்கும் செயலாக இருந்த காலம் அது.

1963 அக்டோபர் 8 அன்று லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில், தொலைபேசியில் முன்பதிவு செய்திருந்த விடுதிக்கு மனைவியோடும் குழுவினரோடும் போய்ச் சேர்ந்தபோது, அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மேலாளரைக் கேட்டு வாதாடினார். மற்றவர்கள் பிடித்து இழுத்துக் காரில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊரின் கறுப்பினப் பகுதியில் இருந்த விடுதிக்குப் போனபோது போலீசார் காத்திருந்து, அமைதியைக் குலைத்ததாக அவரைக் கைது செய்தனர். செய்தி நியூயார்க் டைம்ஸ் வரை வந்தது. 2019இல் அந்நகர மேயர் அவருடைய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பாட்டு எப்படிப் பிறந்தது?

மூன்று நிகழ்ச்சிகள் அதற்குப் பின்னால் உள்ளன. 1963 ஜூனில் அவருடைய ஒன்றரை வயது மகன் வின்சென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தான். அதே ஆண்டில் பாப் டிலனின் 'ப்ளோயிங் இன் த விண்ட்' பாட்டை அவர் கேட்டார். இனக் கொடுமையைப் பற்றி இவ்வளவு நேராக ஒரு வெள்ளையின இளைஞர் எழுதியிருக்க, தாம் எழுதாமல் இருந்துவிட்டோமே என்று வருந்தினார். பின்னர் ஷ்ரீவ்போர்ட் சம்பவம் நடந்தது. ஆண்டு முடியும் தறுவாயில் அந்தப் பாட்டு, தாம் தேடாமலேயே, முழுமையாகத் தம்மிடம் வந்து சேர்ந்ததாக அவர் அலெக்சாண்டரிடம் சொன்னார். பாபி வாமாக்கிடம் பாடிக் காட்டியபோது, அது சாவைப் போல ஒலிக்கிறது என்று அவர் சொன்னது புகழ்பெற்ற செய்தி.

1964 ஜனவரி 30 அன்று ஹாலிவுட்டின் ஆர்.சி.ஏ. கூடத்தில் பதிவாயிற்று. வழக்கமாக ஒவ்வொரு சிறு விஷயத்தையும் தாமே தீர்மானிக்கும் சாம், இசையமைப்பை முழுக்க ரெனே ஹாலிடம் விட்டுவிட்டார். ஹால் அதை ஒரு திரைப்படத்துக்கான இசையைப் போல அமைத்தார். தந்தி வாத்தியங்கள், கொம்பு, பெரும் முரசு என ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் முன்னே வந்து பாட்டைச் சுமந்து செல்கின்றன. ஆற்றங்கரையில் ஒரு சிறு கூடாரத்தில் பிறந்தேன் என்று தொடங்கும் அந்தப் பாட்டில், முதல் சொல்லிலேயே அவர் குரல் உயர்ந்து வளைகிறது. மென்மையாக ஆரம்பித்து மெல்ல ஏறும் அவரது வழக்கம் இங்கே இல்லை.

பாட்டின் கட்டமைப்பைக் கவனித்தால் தேவாலயம் அதில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது விளங்கும். கண்ணியோடு கண்ணியாகத் துன்பம் வேறு வடிவத்தில் வருகிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் அதே நம்பிக்கை திரும்ப வருகிறது. சோல் ஸ்டிரர்ஸ் காலத்தில் அவர் இரவுதோறும் பாடிய பாடல்களின் அமைப்பு இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. வாழ்வது கடினம், ஆனாலும் இறக்க அஞ்சுகிறேன், வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. போதகரின் மகன், கோஸ்பலில் வளர்ந்தவர், மறுமையைப் பற்றிய ஐயத்தை அத்தனை வெளிப்படையாகச் சொன்னது எனக்கு இன்றும் அந்தப் பாட்டின் மிகத் துணிச்சலான இடமாகத் தோன்றுகிறது. அரசியல் துணிச்சலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இதைப் பற்றி எழுதுவோர் குறைவு.

பிப்ரவரி 7 அன்று ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் அதைப் பாடினார். அந்த ஒளிப்பதிவு பாதுகாக்கப்படவில்லை. அதன்பின் மேடையில் அதைப் பாடுவதைத் தவிர்த்தார். மார்ச்சில் வெளியான தொகுப்பில் இடம்பெற்றிருந்தாலும், அவர் இறந்து சில நாட்களுக்குப் பின், டிசம்பர் 22 அன்றுதான் 'ஷேக்' என்ற ஆடல் பாட்டின் மறுபக்கமாகத் தனி இசைத்தட்டில் வந்தது. திரையரங்குக்கும் நகர மையத்துக்கும் போனால் அங்கே நிற்காதே என்று விரட்டுகிறார்கள் என்ற கண்ணி அந்தத் தனிவெளியீட்டில் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே கேட்க விரும்புவோர் தொகுப்பில் உள்ள முழு வடிவத்தையே தேடிக் கேட்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2007இல் அது சேர்க்கப்பட்டது.

அவருடைய இரண்டு நேரடி மேடைப் பதிவுகள் ஏன் இவ்வளவு மாறுபட்டு ஒலிக்கின்றன?

1963 ஜனவரி 12 அன்று மயாமியின் கறுப்பினப் பகுதியான ஓவர்டவுனில், ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பதிவானது ஒன்று. சாக்சபோன் கலைஞர் கிங் கர்டிஸ் குழுவோடு நிற்க, சாம் குக் தொண்டை கரகரக்க, கூட்டத்தோடு பேசி, சிரித்து, கேட்டு, பதில் வாங்கிப் பாடுகிறார். அது மிகவும் முரடாக இருக்கிறது என்று கருதிய ஆர்.சி.ஏ. கிடப்பில் போட்டு, 1985இல்தான் வெளியிட்டது. மற்றொன்று 1964 ஜூலையில், நியூயார்க்கின் செல்வந்தர்கள் கூடும் கோபகபானாவில் பதிவானது. 1958இல் அதே மேடையில் அவர் தோல்வி கண்டிருந்தார். ஆகவே இம்முறை மிகக் கவனமாகத் தயாரித்து, உடையும் நடையும் பிசகாமல் பாடி வென்றார்.

இரண்டும் அவரேதான். ஆனாலும் என் விருப்பம் மயாமிப் பதிவின் பக்கமே. கோஸ்பல் கூட்டங்களில் கற்றதைக் காதல் பாட்டில் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' பாட்டை அங்கே அவர் தொடங்கும் விதம் ஒன்றே போதும்: நீண்ட நேரம் பேச்சும் பாட்டுமாக ஏற்றி, கூட்டம் முழுவதும் தயாரான பிறகே பாட்டுக்குள் நுழைகிறார்.

முகமது அலியோடும் மால்கம் எக்ஸோடும் அவருக்கு உண்மையிலேயே நட்பு இருந்ததா?

இருந்தது. 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சோனி லிஸ்டனை வீழ்த்திய கேசியஸ் கிளே (முகமது அலியின் முந்தைய பெயர் அது), ஆரவாரத்தின் நடுவே சாம் குக்கைக் குத்துச்சண்டை மேடைக்கு அழைத்து, உலகின் மிகச் சிறந்த ராக் அண்ட் ரோல் பாடகர் என்று அறிமுகப்படுத்தினார். அன்றிரவு அவர்களும் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரௌனும் ஹாம்ப்டன் ஹவுஸ் விடுதியில் கூடியிருந்தனர். அந்த இரவைப் பற்றிப் பின்னாளில் வந்த நாடகத்திலும் திரைப்படத்திலும் அவர்கள் பேசுவதாக வருபவை கற்பனை. அடுத்த மாதம் கிளே பாடிய இசைத்தட்டு ஒன்றைச் சாம் குக் தயாரித்துக் கொடுத்தார்.

அவர் எப்படி இறந்தார்?

1964 டிசம்பர் 11 அன்று அதிகாலையில், லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குப் பகுதியில் இருந்த ஹசியெண்டா என்ற மலிவு விலை விடுதியில், அதன் மேலாளரான பெண்மணி அவரைச் சுட்டார். சாமோடு வந்த பெண் அவருடைய உடைகளை எடுத்துக்கொண்டு ஓடிவிட, அந்தப் பெண்ணைத் தேடி சாம் அலுவலகக் கதவை உடைத்து உள்ளே வந்து தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாக மேலாளர் கூறினார். சில நாட்களில் நடந்த மரண விசாரணை, அதை நியாயப்படுத்தத்தக்க கொலை என்று முடித்துவிட்டது. விசாரணை மிகச் சுருக்கமாக நடந்தது என்றும், கேட்க வேண்டிய பலவற்றைக் கேட்கவில்லை என்றும் குடும்பத்தாரும் நண்பர்களும் கருதினர். சதி என்று நிறுவும் சான்று எதுவும் இதுவரை வெளிவரவில்லை.

சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இறுதிச் சடங்குகள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் கூடினர், லாஸ் ஏஞ்சலிஸில் ரே சார்ல்ஸ் பாடினார். சாமின் மரணத்தைப் பற்றி எழுதுவோர் பலர் அந்த ஒரு இரவிலேயே தங்கிவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநீதி என்பதால் இங்கே இதற்குமேல் விரிக்கவில்லை.

அவருடைய பாடல்கள் இன்று யாருக்குச் சொந்தம்?

வேதனையான விடை இது. 1963இல் ஆலன் கிளைன் என்ற கணக்கு நிபுணர் அவருடைய வணிக விவகாரங்களை ஏற்றார். ஆர்.சி.ஏ.வின் கணக்குகளைத் தணிக்கை செய்து, சாமுக்குச் சேரவேண்டிய தொகையைக் கண்டறிந்து, புதிய ஒப்பந்தம் பெற்றுத் தந்தார். அதன்படி சாமின் மகள் பெயரில் டிரேசி லிமிடெட் என்ற நிறுவனம் அமைக்கப்பட்டு, ஒலிப்பதிவுகள் அதன் சொத்தாகி, ஆர்.சி.ஏ. விநியோகிப்பாளராக மட்டும் இருக்கும் நிலை உருவாயிற்று. கறுப்பினப் பாடகர் ஒருவருக்கு அக்காலத்தில் அது கனவிலும் கிடைக்காத ஏற்பாடு. ஆனால் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாடு சட்டப்படி கிளைனிடம் இருந்தது. சாம் இறந்தபின் பதிப்புரிமையின் பங்குகளும் படிப்படியாக அவர் கைக்கே சென்றன. பிற்காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கும் பீட்டில்ஸுக்கும் மேலாளராக இருந்தவரும் இதே கிளைன்தான். அவர் நிறுவிய ஆப்கோ நிறுவனமே இன்றும் அந்தப் பாடல்களை நிர்வகிக்கிறது.

எஸ்.ஏ.ஆர். ரெக்கார்ட்ஸும் அவர் இறந்தபின் மூடப்பட்டது. வாழ்நாளெல்லாம் உரிமைக்காக நின்றவரின் உழைப்பு அவர் குடும்பத்துக்கு வெளியே போய்ச் சேர்ந்ததை, எத்தனை முறை படித்தாலும் என்னால் அமைதியாக ஏற்க முடியவில்லை.

அவர்தான் முதல் சோல் பாடகரா?

அப்படிச் சொல்வது ரே சார்ல்ஸுக்கு நியாயமாகாது. கோஸ்பல் மெட்டில் காதல் சொற்களை வைத்து 'ஐ காட் எ வுமன்' பாட்டை அவர் 1954 இறுதியிலேயே பதிவு செய்துவிட்டார். ஜேம்ஸ் பிரௌனின் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' 1956இல் வந்தது. சாம் குக்கின் தனிச்சிறப்பு, கோஸ்பல் உலகின் உச்ச நட்சத்திரமாக இருந்து, அந்த இடத்தைத் துறந்து வெளியே வந்தவர் என்பதுதான். ரே சார்ல்ஸ் கோஸ்பலைக் கடன் வாங்கினார். சாம் அங்கிருந்தே வந்தார். அவர் துணிந்த பிறகே தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர் துணிந்தார்கள்.

யார் யார் அவரிடமிருந்து கற்றார்கள்?

டெட்ராய்ட் போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் மகள் அரிதா, சிறுமியாக இருந்தபோதே சோல் ஸ்டிரர்ஸில் சாம் பாடக் கேட்டவர். அவர் போன பாதையிலேயே தாமும் போகலாம் என்ற தைரியம் தமக்கு அவரால் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். 1967இல் தமக்குப் பெரும்புகழ் தந்த தொகுப்பில் சாமின் இரண்டு பாடல்களைப் பாடினார். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் 1965ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் மட்டும் சாமின் பாடல்கள் மூன்று உள்ளன. ஓட்டிஸ் அவரைப் போலப் பாட முயலவில்லை. மென்மையான அதே பாடல்களை உடைந்த குரலில், அவசரமும் தவிப்புமாகப் பாடிக் காட்டினார். ஒரு பாட்டு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய அதுவே நல்ல சோதனை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் ராட் ஸ்டூவர்ட்டும் 'அனிமல்ஸ்' குழுவினரும் அவருடைய பாடல்களைப் பாடினர். லூ ரால்ஸ், ஜானி டெய்லர், பாபி வாமாக், 16 வயதில் 'நைட் பீட்' தொகுப்பில் ஆர்கன் வாசித்த பில்லி பிரஸ்டன் ஆகியோர் அவரோடு நேரில் பணியாற்றிக் கற்றவர்கள். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் 1986இல் இடம்பெற்ற முதல் அணியில் சாம் குக்கும் ஒருவர்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

வெற்றிப் பாடல்களின் திரட்டு ஒன்றை முதலில் கேட்பதில் தவறில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். முதலில் 'டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்', அடுத்து 'யூ செண்ட் மீ', அதன்பின் 1962இல் லூ ரால்ஸ் எதிர்க்குரல் கொடுக்கும் 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' என்ற வரிசையில் கேட்டால், ஒரே வளைவு தேவாலயத்திலிருந்து காதலுக்கும், காதலிலிருந்து மீண்டும் தேவாலயத்தின் கேள்வி-பதில் முறைக்கும் செல்வதைக் காதாலேயே உணரலாம். பிறகு 1963இல் வந்த 'நைட் பீட்' தொகுப்பை இரவில், முழுமையாக. சில வாத்தியங்களே உள்ள அந்தப் பதிவில் குரலை மறைக்க எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஹார்லெம் ஸ்கொயர் பதிவு. 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கேட்டு முடித்தவருக்குத்தான் அதில் அவர் தம் வழக்கத்தை எத்தனை இடங்களில் மீறியிருக்கிறார் என்பது தெரியும்.